தெளிவும் தூய்மையும்



போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றூரை அடைகின்றது. அதுவே போடிமெட்டு. இப்பக்கம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். அப்பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். நடுவே சோதனைச் சாவடி. அதனைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் காபி உண்டு, தேயிலை உண்டு, ஏலம் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் வாழும் தமிழர்கள் காலையில் பருகும் பானத்தின் மணம், இத்தகைய மலைகளிலிருந்து புறப்பட்டு வருவதேயாகும்.

அம்மணத்தோடு கூடவே, அழையா விருந்தாளிகளாகச் சில நச்சுப் பொருள்களும் நம் கோப்பைக்கு வந்து சேரக்கூடும். எவரும் கலப்படம் செய்து சேர்த்தவை அல்ல அவை. பூஞ்சணமும் பாறையும் மண்ணும் தாமே உண்டாக்குபவை. இயற்கை நச்சுகள் என்று அவற்றைக் கூறுவர். அவற்றைப் பானங்களிலிருந்து பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் புதிய புதிய வடிகட்டிப் பொருள்களை ஆக்கி வருகின்றனர். அப்பொருள்கள் யாவை, எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவே இன்று நாம் காணவிருப்பவை.

மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நாம் கலைப் பட்டதாரிகள். இரசாயனம் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் உணவுத் தரம் பற்றிய ஆவணங்களைத் தமிழாக்கும்போது சொற்களே நமக்கு ஆசிரியர்களாகிவிடுகின்றன. 'வடிகட்டுதல்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். துணியைக் கட்டி நீரை வடியவிடுதல் என்பது அதன் பொருள். துணியின் கண்ணைவிடப் பெரியது மேலே தங்கும். சிறியது கீழே இறங்கும். இவ்வளவே பழைய வடிகட்டியின் இலக்கணம்.

நச்சு மூலக்கூறோ நீரில் கரைந்திருப்பது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறினை ஒட்டியது. நம் வீட்டுக் காபி வடிகட்டியின் துளைகளோ அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு பெரியவை. போடிமெட்டுச் சாவடியில் குறுக்கே தாழ்த்திய மரத்தடி லாரியை நிறுத்தும். தலை குனிந்து கீழே நுழைந்து செல்லும் ஆளை அது நிறுத்தாது. அவனை நிறுத்த வேண்டுமாயின் ஆளை அடையாளம் கண்டு கையைப் பிடிக்கும் காவலர் ஒருவர் வேண்டும். புதிய வடிகட்டிப் பொருள்கள் யாவும் இத்தகைய காவலர்களே. துளையின் அளவால் தடுப்பதைவிட, தம் மேற்பரப்பிலே பற்றிக்கொள்வதே அவற்றின் தொழில். இதனைத் தமிழ்ப் பாடநூல்கள் 'பரப்புக் கவர்தல்' எனக் குறிக்கின்றன. பஞ்சு நீரை உள்ளிழுப்பது உறிஞ்சுதல். கரியின் பரப்பில் நச்சு ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். இவ்வேறுபாடு விளங்கினால் இன்றைய பேச்சின் பாதி விளங்கிவிடும்.

நம் முன்னோர் கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தனர். பானையின் உட்புறத்தில் அதனைத் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால், மிதக்கும் மண் துகள்கள் ஒன்றுகூடி அடியில் படியும். கலித்தொகையிலும் இச்செயல் உவமையாகக் கூறப்பட்டுள்ளது. அருமையான முறைதான், ஆயினும் அது நீக்குவது கலங்கலை. கரைந்த நஞ்சு கலங்கல் காட்டாது. நிறமும் மணமும் காட்டாது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அது மறைந்திருக்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை நாம் முதற்கண் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இனி, ஒரு கோப்பைக் காபியையே எடுத்துக்கொள்வோம். நீர், தூள், பால் என்னும் மூன்றும் சேர்ந்தது அது. மூன்றையும் தனித்தனியே ஆராய்வோம்.

முதலாவது நீர். 1937-ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில், மக்களின் பற்கள் கறைபட்டு எலும்புகள் விறைத்துப்போவதைக் கண்டு ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்தனர். கிணற்று நீரில் பாறையிலிருந்து கரைந்து வந்த புளோரைடே காரணம் என அறிந்தனர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது அப்போதுதான். இராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலும், தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இத்தொல்லை இருப்பது இன்று தெரிந்ததே. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இங்கு ஒரு பிழையான நம்பிக்கையைக் களைய வேண்டும். நீரைக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். கிருமிகளைப் பொறுத்தவரை அது உண்மை. புளோரைடோ ஆவியாவதில்லை, நீர் வற்ற வற்ற அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இதனை நீக்க நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் ஒரு முறையை வகுத்தது. படிகாரம், சுண்ணாம்பு, சலவைத் தூள் ஆகியவற்றை அளவறிந்து கலக்கி, புளோரைடைப் படிய வைப்பது அம்முறை. நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் அது வழங்குகின்றது. மற்றொரு முறை, கிளர்வூட்டிய அலுமினா என்னும் வெண்ணிற மணிகளின் வழியே நீரைச் செலுத்துவது. மணியின் பரப்பு புளோரைடைப் பற்றிக்கொள்ளும். பரப்பு நிறைந்ததும் காரத்தால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிடில் காவலரின் இரு கைகளும் நிறைந்துவிட்டன என்று பொருள். அதன்பின் வருவதெல்லாம் தடையின்றிக் கடந்து செல்லும்.

வங்காளத்தில் வாழும் நேயர்களுக்கு ஆர்சனிக் என்னும் பெயர் புதிதன்று. 1983-ஆம் ஆண்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் டாக்டர் கே. சி. சாகா, தோலில் புள்ளிகளும் தடிப்புகளும் கொண்டு வந்த கிராமத்து நோயாளிகளைக் கண்டு, ஆழ்குழாய்க் கிணற்று நீரே காரணம் என இனங்கண்டார். மண்ணடியில் இயற்கையாகவே இருந்த நஞ்சு அது. இதற்கெனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலாப்பில் பிரதீப்பின் குழுவினர் செய்த பணி போற்றத்தக்கது. இறால், நண்டு முதலியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் பொருளைக் கூடாகக் கொண்டு, அதனுள்ளே உலோக ஆக்சைடுகளின் மிக நுண்ணிய துகள்களை வளர்த்து, மணல் போன்ற மணிகளாக ஆக்கினர். 2013-இல் இம்முறை வெளியிடப்பெற்றது. இவ்வழி உருவான இரும்பு ஆக்சைடு மணிகளைக் கொண்டு ஆர்சனிக்கை நீக்கும் சாதனங்கள் பின்னர்க் கிராமங்களுக்குச் சென்றன. பேராசிரியருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாமல், நீர் தன் எடையாலேயே இறங்கி வடியும்படி அமைந்திருப்பது இதன் சிறப்பு.

இரண்டாவது தூள். காபிப் பழம் பறிக்கப்பட்டபின் களத்தில் உலர வேண்டும். போடி மலைகளில் அறுவடை தொடங்கும் காலமோ வடகிழக்குப் பருவமழையின் காலம். மூடுபனி இறங்கும், களத்தில் பரப்பிய பழம் நனையும், குவித்து மூடினால் வியர்க்கும். கொட்டையின் ஈரம் நூற்றுக்கு 12 பங்கு அளவிற்குள் விரைந்து இறங்காவிடில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சண வகைகளிற் சில 'ஆக்ரடாக்சின் ஏ' என்னும் நஞ்சைச் சுரக்கும். 1965-இல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட இந்நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. வறுக்கும்போது ஒரு பகுதி அழியும். எஞ்சியது தூளில் தங்கும். வெந்நீர் ஊற்றியதும் டிகாக்ஷனில் இறங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபியில் இந்நஞ்சு கிலோகிராமுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என 2005-இல் விதித்தது. 2023-ஆம் ஆண்டு தொடக்கம் முதல் அதனை 3 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நூறு கோடிப் பங்கில் மூன்று பங்கு! இத்தகைய எல்லை, மலைச் சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் களத்தை எட்டித் தொடுகின்றது. மழையில் நனைந்த ஒரு குவியல், கடல் கடந்து செல்லவேண்டிய மூட்டையைத் திருப்பி அனுப்பச் செய்யும்.

இந்நஞ்சைப் பற்ற வல்ல பொருள் ஒன்று நம்மிடமே ஏராளமாக உண்டு. அதுவே தேங்காய்ச் சிரட்டைக் கரி. பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அக்கரியை 800 முதல் 1,000 பாகை வெப்பத்தில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தினால், எண்ணற்ற நுண்புழைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர் வரை விரியும். அதாவது ஏறக்குறைய கால் ஏக்கர். முதல் உலகப் போரில் நச்சுப் புகைக்கு எதிரான முகமூடிகளில் சிரட்டைக் கரி இடம்பெற்றது இந்த ஆற்றலால்தான்.

அவ்வாறாயின் டிகாக்ஷனைக் கரியில் வடித்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். கரி வல்லது, ஆனால் பாகுபாடறியாதது. காபியின் நிறம், மணம், காபீன் ஆகியவற்றையும் அது நச்சுடன் சேர்த்துப் பற்றிக்கொள்ளும். காபீன் நீக்கிய காபி செய்யும் ஒரு முறையிலே, காபீனைப் பிடிப்பதற்கென்றே கரி பயன்படுகின்றது. நஞ்சை நீக்கப் புகுந்து காபியையே நீக்கிவிட்டால் எஞ்சுவது வெந்நீர்தான். ஆகையால்தான் விஞ்ஞானிகள் குறிப்பிட்ட நஞ்சை மட்டும் அறிந்து பற்றும் பொருள்களைத் தேடலாயினர்.

அவற்றுள் ஒன்று, அச்சு பதித்த பலபடிச் சேர்மம். மெழுகிலே மோதிரத்தை அழுத்தி எடுத்தால் அதன் வடிவம் பதிந்திருக்கும் அல்லவா? அதுபோல, நச்சு மூலக்கூறையோ அதனை ஒத்த தீங்கற்ற ஒன்றையோ நடுவில் வைத்துச் சுற்றிலும் பிசினை இறுகச் செய்து, பின் அதனைக் கழுவி நீக்கிவிடுவர். அவ்வடிவக் குழியில் அந்த நச்சே வந்து பொருந்தும். மற்றொன்று, உலோக-கரிமச் சட்டகம். உலோக அயனிகளை முடிச்சுகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் கொண்டு பின்னிய நுண்கூடு என அதனைக் கருதலாம். கம்பியின் நீளத்தை மாற்றினால் அறையின் அளவு மாறும். இக்கலையை வளர்த்த சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வகைப் பொருள்களை ஆப்பிள் சாற்றிலும் சோதித்திருக்கின்றனர். அழுகிய ஆப்பிளில் வளரும் பூஞ்சணம் 'பாட்டுலின்' என்னும் நஞ்சை உண்டாக்கும். அதன் வரலாறு விந்தையானது. பெனிசிலின் புகழ் ஓங்கிய நாளில், பாட்டுலினும் ஒரு மருந்தாகும் எனக் கருதி, 1943-44-இல் இங்கிலாந்தில் ஜலதோஷத்திற்குக் கொடுத்துப் பார்த்தனர், பயன் விளையவில்லை. பிற்காலத்தில் அதன் நச்சுத்தன்மை வெளிப்பட்டது. இன்று ஆப்பிள் சாற்றில் கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமே அதன் உச்ச எல்லை. இந்திய விதியும் அதுவே. சாற்றைச் சூடுபடுத்தினாலும் பாட்டுலின் எளிதில் அழிவதில்லை. நுண்கூடுகள் ஆய்வுக்கூடத்தில் இதனை நன்கு பற்றுகின்றன. எனினும் அவை அங்காடிக்கு வருமுன் இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். கூட்டிலிருந்து உலோகம் கசிந்து சாற்றில் கலக்காதா? விலை எளியோர்க்குக் கட்டுப்படியாகுமா? விடை உறுதியாகும் வரையில், நஞ்சு நீக்கும் பொருளே நஞ்சு சேர்க்கும் பொருளாகிவிடாதபடி காத்தல் கடமையன்றோ?

மூன்றாவது பால். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் சுரந்த நஞ்சே காரணம் என்பது ஆராய்ச்சியில் தெரிந்தது. அதுவே அப்ளடாக்சின். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை மாடு தின்றால், நஞ்சு அதன் ஈரலில் சற்றே உருமாறி, ஒரு நாளைக்குள் பாலில் தோன்றும். காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் லிட்டருக்குச் சுமார் அரை மைக்ரோகிராம் எல்லையாகும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்நஞ்சு எல்லையை மீறியிருந்தது. அவற்றுள் 88 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. அடுத்தது தில்லி, 38. பிறந்த மண்ணிலும் பிழைக்க வந்த மண்ணிலும் நமக்கு ஒரே கவலைதான் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

பாலைக் கரியில் வடிகட்ட எவரும் துணிய மாட்டார்கள். இங்கே விஞ்ஞானிகள் வேறொரு வழி கண்டனர். கட்ச், பார்மேர் முதலிய பகுதிகளில் கிடைக்கும் பெண்டோனைட் என்னும் களிமண், ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு உடையது. அந்த ஏடுகளின் இடையே அப்ளடாக்சின் தட்டையாகச் சென்று சிக்கிக்கொள்ளும். பக்குவப்படுத்திய இக்களிமண்ணைத் தீவனத்தில் சிறிதளவு சேர்த்தால், நஞ்சு மாட்டின் இரத்தத்தில் கலவாமல் சாணத்தோடு வெளியேறும். பாலில் இறங்கும் அளவு குறையும். அதாவது, வடிகட்டி கோப்பையின் வாயிலிருந்து பசுவின் வயிற்றுக்கு நகர்ந்துவிட்டது!

நேயர்களே, இந்த நகர்வில்தான் நாம் இன்று கூற விழையும் கருத்து அடங்கியுள்ளது. வடிகட்டி எவ்வளவு பின்னே, அதாவது ஊற்றுக்கு எவ்வளவு அருகே செல்கின்றதோ, அவ்வளவுக்குக் காவல் எளிதாகின்றது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அனுபவமும் இதுவே. வீடுதோறும் புளோரைடை வடிகட்டுவதைக் காட்டிலும் காவிரியின் நல்ல நீரையே கொணர்வது மேல் எனக் கருதி வகுக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காபியிலும் அப்படியே. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனமும் சர்வதேசக் காபி அமைப்பும் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் ஆராய்ந்தபின், 2009-இல் உலக உணவுத் தர மன்றம் ஒரு நடைமுறை நெறியை ஏற்றது. பழுத்ததைப் பறி, தரையில் விழுந்ததைக் கலவாதே, மெல்லிய அடுக்காகப் பரப்பு, அடிக்கடி கிளறு, மாலையில் மூடு, மழையில் நனைய விடாதே, நன்கு உலர்ந்தபின் மூட்டை கட்டு. அந்நெறியின் சாரம் இத்தகையது. நுண்கூடு செய்ய நோபல் பரிசுக்குரிய அறிவு வேண்டும். களத்தைக் காக்க ஒரு தார்ப்பாயும் சிமெண்டுத் தளமும் காலத்தில் கிளறும் கையும் போதும்.

ஆயினும் அந்தக் கைக்குக் கூலி வேண்டும். அந்தத் தளத்திற்குப் பணம் வேண்டும். நனைந்த காபிக்கும் நன்கு உலர்ந்த காபிக்கும் ஒரே விலை கொடுக்கும் அங்காடியில், எந்த விவசாயி கூடுதல் பாடு படுவான்? தூய பானம் வேண்டுவோர் அதன் தூய்மைக்குரிய விலையையும் தர முன்வருதல் நியாயமாகும். வடிகட்டிச் சாதனத்திற்கு ஆயிரக்கணக்கில் செலவிடத் தயங்காத நகரத்து இல்லங்கள், களத்தில் உழைப்பவருக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகத் தரத் தயங்குவது முறையாகாது.

இனி, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லத்தளவில் செய்யக்கூடியவை சில. ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்துவோர், சாதனம் வாங்குமுன் நீரைச் சோதித்து, அதில் எது மிகுதி என்று அறிய வேண்டும். புளோரைடுக்குரிய மணி ஆர்சனிக்குக்குப் போதாமற்போகலாம். சாதாரணக் கரி இரண்டிற்குமே போதாது. ஆர்.ஓ. சாதனம் இரண்டையும் பெரிதும் குறைக்கும். ஆனால் நல்ல உப்புகளையும் நீக்கிக் கணிசமான நீரை வெளியேற்றும். எந்த வடிகட்டியாயினும் அதற்குரிய காலத்தில் உள்ளீட்டை மாற்றுதல் இன்றியமையாதது. ஊரிலிருந்து வரும் காபித் தூளை ஈரம் படாத கலத்தில் வையுங்கள். பூஞ்சண வாடை வீசும் கொட்டையை வறுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். ஆப்பிளின் அழுகிய பகுதியை மட்டும் அரிந்தெறிந்துவிட்டு மிகுதியைக் குழந்தைக்குச் சாறாக்குவதும் வேண்டாம். நஞ்சு கண்ணுக்குத் தெரியும் அழுகலின் எல்லையைத் தாண்டியும் பரவியிருக்கக்கூடும்.

போடிநாயக்கனூருக்கு 2023-இல் இரயில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. ஊருக்குச் செல்லும் நேயர்கள் வாய்ப்பிருப்பின் போடிமெட்டு வரை ஏறிச் சென்று, வழியிலுள்ள காபிக் களம் ஒன்றைக் கண்டு வாருங்கள். மழைமேகம் கண்டதும் ஓடிச் சென்று தார்ப்பாயை விரிக்கும் பெண்களின் கைகளே நம் கோப்பையின் முதல் வடிகட்டி. ஆய்வுக்கூடங்களில் உருவாகும் அரிய பொருள்கள் யாவும் அவற்றுக்குத் துணையாக வருபவை.